மரினர்ஸ் 2025: நாக்கைப் பணயம் வைக்கும் கணிப்புகள் மட்டும் இங்கே

மழைக்கோட்டு | மார்ச் 16, 2025

அரிசோனாவில், பியோரியா மைதானத்தில் நம் சியாட்டில் பேஸ்பால் அணி மரினர்ஸின் பயிற்சி ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 27-ம் தேதி சியாட்டிலில் அத்லெட்டிக்ஸ் அணியுடன் முதல் ஆட்டம். எனவே வருடாந்திரக் கணிப்பு இழையைத் திறக்கிறேன்.

விதி ஒன்றுதான். சொன்னது நடக்காவிட்டால் சொன்னவருக்கு வெட்கமாக இருக்க வேண்டும். "நம் பிட்சர் லோகன் கில்பர்ட் நன்றாக வீசுவார்" என்று யாராவது எழுதினால் அழித்துவிடுவேன். அது ஆடியில் காற்றடிக்கும் என்று சொல்வது போல.

தண்டனையும் உண்டு. நம் மைதானத்தில் 2017-லிருந்து வறுத்த வெட்டுக்கிளி விற்கிறார்கள், எலுமிச்சையும் மிளகாய் உப்பும் தூவி. நம் பழைய நட்சத்திரம் எட்கர் மார்ட்டினெஸின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .312 என்பதற்காக, ஒரு ஆட்டத்துக்கு 312 கோப்பைதான் என்று வரம்புகூட வைத்தார்கள். அடுத்தவர் கணிப்பைக் கிண்டல் செய்து, அந்தக் கணிப்பு பலித்துவிட்டால், கிண்டல் செய்தவர் ஒரு கோப்பை முழுதாகச் சாப்பிட வேண்டும்.

என்னுடையவை: நம் கேட்சர் கேல் ராலி 45 ஹோம் ரன் அடிப்பார். 2001-க்குப் பிறகு முதல் முறையாக லீக்கில் நம் பிரிவை வெல்வோம். நம் பேட்டர் ஹூலியோ ரோட்ரிகெஸ் இந்த வருடமாவது ஏப்ரலில் தூங்க மாட்டார்.

எதிர்மறை ஏகாம்பரம் | மார்ச் 16

ஆரம்பித்துவிட்டீர்களா. போன வருடம் ஜூன் 18-ம் தேதி பிரிவில் பத்து ஆட்டம் முன்னிலையில் இருந்தோம். ஒரே மாதத்தில் அது வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி காணாமல் போனது. ஆகஸ்டில் மேலாளர் ஸ்காட் செர்வைஸை வீட்டுக்கு அனுப்பினார்கள், டேன் வில்சன் வந்தார், 85 வெற்றியில் முடித்து ஒரே ஆட்டத்தில் பிளேஆஃபைக் கோட்டை விட்டோம். அதற்கு முந்தைய வருடம் 88 வெற்றி, அப்போதும் ஒரே ஆட்டம். 2023 முடிந்ததும் அணியை நடத்தும் ஜெரி டிபோட்டோ ஒரு கணக்குச் சொன்னாரே, பத்து வருடம் 54 சதவீதம் வென்றால் போதும் என்கிற மாதிரி? 162-ல் 54 சதவீதம் என்றால் 87. அந்த மனுஷன் சொன்னபடிதான் நடத்துகிறார்.

அணியின் பேட்டிங் சராசரி .224. 1,600-க்கும் மேல் ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். இதைச் சரிசெய்யக் குளிர்காலம் முழுவதும் என்ன செய்தார்கள்? முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹோர்ஹே போலாங்கோவையே 77.5 லட்சம் டாலருக்கு மறுபடி கூட்டி வந்தார்கள். கூடவே டோனவன் சொலானோ. கல்யாண வீட்டில் நேற்றைய சாம்பாரைச் சுடவைத்துப் போடுவது போல.

என் கணிப்பு: 78 வெற்றி. போலாங்கோவை ஜூனுக்குள் விடுவித்துவிடுவார்கள். ராலி 45 அடிப்பாரா? ஒரு கேட்சரா? அப்படி அடித்தால் வெட்டுக்கிளியை வாழை இலையில் வைத்துச் சாப்பிடுகிறேன்.

ரெண்டன் புதியவன் | மார்ச் 16

வணக்கம். போன வருடம்தான் பார்க்கத் தொடங்கினேன், ஒரு சந்தேகம். கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர்தானே? தோனி சிக்ஸர் அடித்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லையே. ராலி அடித்தால் மட்டும் ஏன் இவ்வளவு?

ஸ்கோர்ஷீட் | மார்ச் 17

தம்பி, கையுறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கீப்பருக்குப் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம். கேட்சர் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கும் மேல் தோப்புக்கரணம், அதுவும் மணிக்கு 95 மைலுக்கு மேல் வரும் பந்தைப் பிடித்துக்கொண்டு. எதிரணி பேட்டரின் விளிம்பில் பட்டுத் திரும்பும் பந்து முகமூடியில், தோளில், தொடையில் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கும். இவ்வளவுக்கும் நடுவே ஒவ்வொரு பந்தும் என்ன பந்து என்று பிட்சரோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். ஆகஸ்ட் வந்தால் கேட்சர்களின் கால் செத்துவிடும், பேட்டும் கூடவே சாகும்.

அதனால்தான் இந்த எண்கள்: ஜானி பெஞ்ச் 1970-ல் 45. சால்வடார் பெரஸ் 2021-ல் 48. கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்ததில் உச்சம் அந்த 48தான்.

ராலியின் ஏணியைப் பாருங்கள்: 2022-ல் 27, 2023-ல் 30, 2024-ல் 34. வருடத்துக்கு மூன்று, நான்கு என்று ஏறுகிறார். இரண்டு பக்கமும் நின்று அடிப்பவர், பந்தைத் தரையில் அடிப்பதே குறைவு. இடது கைக்காரராக நிற்கும்போது வலது மூலைக்கு இழுத்து அடிக்கிறார், அந்தப் பக்கம் நம் மைதானம் அவ்வளவு கருமி இல்லை. மற்றபடி நம் மைதானம் கருமிதான். கடல் பக்கத்துக் குளிர்காற்றில் ஏப்ரல், மே மாத இரவுகளில் பந்து பாதி வழியில் மூச்சு விட்டுவிடும். ஹூலியோ ஏப்ரலில் தூங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன், மழைக்கோட்டு ஒத்துக்கொள்ள மாட்டார்.

என் கணக்கில் ராலி 38. துணிச்சலான கணிப்பு வேண்டும் என்றால்: பிரையன் வூ, ஆட்டத்தைத் தொடங்கும் நம் ஐந்து பிட்சர்களில் முதல் ஆளாக சீசனை முடிப்பார். போன வருடம் 22 ஆட்டம்தான் தொடங்கினார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன்) 2.89. முழு வருடம் நின்றால் கில்பர்ட்டும் கெர்பியும் இவருக்குப் பின்னால்தான்.

சம்மாமிஷ் சாம்பார் | மார்ச் 17

சாம்பாரை இழுத்த ஏகாம்பரத்துக்குக் கண்டனம்.

விக்டர் ரோப்லெஸ் 60 பேஸ் திருடுவார், அதாவது அடிக்குக் காத்திராமலே அடுத்த பேஸுக்கு ஓடுவார். போன வருடம் நமக்கு ஆடியது 77 ஆட்டம், 31 முறை ஓடி 30 முறை தப்பித்தார். முழு சீசனுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ஸ்கோர்ஷீட் | மார்ச் 17

பெருக்கல் எளிது. முழு சீசன் ஆடுவதுதான் கஷ்டம்.

கிங்டோம் தாத்தா | மார்ச் 18

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நான் இந்த ஊருக்கு வந்தபோது மரினர்ஸ் கிங்டோம் மைதானத்தில், கான்கிரீட் கூரைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். 1995 ஆகஸ்டில் ஏஞ்சல்ஸ் 13 ஆட்டம் முன்னால் இருந்தார்கள். என் அலுவலகத்தில் எவனும் பேஸ்பால் பேசவில்லை. அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் எட்கர் இடது பக்கம் அந்த டபுளை (இரண்டு பேஸ் அடி) அடித்தபோது, முதல் பேஸிலிருந்து கிரிஃபி ஓடி வந்து சறுக்கி வெற்றி ரன்னை எடுத்ததைக் கிங்டோமின் மேல் வரிசையிலிருந்து பார்த்தேன். அன்று கேட்சர் யார் தெரியுமா? இப்போதைய மேலாளர் டேன் வில்சன்தான். அதையும் பார்த்தேன், 2001-ல் 116 வெற்றி பெற்ற அணி யாங்கீஸிடம் ஐந்தே ஆட்டத்தில் சுருண்டதையும் பார்த்தேன். 1977-ல் தொடங்கிய அணி, 30 அணிகளில் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸைத் தொடாத ஒரே அணி. அதனால் சாபம், ராசி என்றெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என் கணிப்பு இது. இந்த வருடம் பிட்சிங் நம்மைக் காப்பாற்றாது. பேட்டிங்தான் காப்பாற்றும்.

எதிர்மறை ஏகாம்பரம் | மார்ச் 18

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒரே கேள்வி. மருந்து எதையாவது மாற்றிச் சாப்பிட்டீர்களா?

சம்மாமிஷ் சாம்பார் | மார்ச் 18

இது கணிப்பே இல்லை, கடல் வற்றும் என்று சொல்வது.

கிங்டோம் தாத்தா | மார்ச் 18

மருந்து அதேதான். காரணம் சொல்கிறேன். போன வருடம் 162 ஆட்டத்தில் 149-ஐத் தொடங்கியது அந்த ஐந்து பேரே: கில்பர்ட், கெர்பி, காஸ்டியோ, மில்லர், வூ. எந்த அணிக்கும் அப்படி ஒரு வருடம் அமைவது அபூர்வம். மாமரம் ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் மறு வருடம் ஓய்வு எடுக்கும். பிட்சரின் கையும் அப்படித்தான். கெர்பியின் தோள் ஏற்கெனவே வீங்கி, சீசன் தொடக்கத்தில் ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது முதல் இலை உதிர்வது.

பேட்டிங் ஏன் மேலே வரும்? போன வருடம் எல்லோரும் ஒரே நேரத்தில் மோசமாக ஆடினார்கள். அதுவும் அபூர்வம்தான். வில்சன் வந்த பிறகு 34 ஆட்டத்தில் 21 வென்றோம், அப்போது பேட்டிங்கைப் பார்த்துக்கொண்டது எட்கர். ரேண்டி அரோசரேனா முழு வருடம் இருக்கிறார். போலாங்கோவுக்கு முழங்கால் சரியானால் ஆள் வேறு.

ஸ்கோர்ஷீட் அம்மாவின் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அவர் போன வருடக் கணக்கைத்தான் போடுகிறார்.

ஸ்கோர்ஷீட் | மார்ச் 18

வேறு எந்த வருடத்துக் கணக்கைப் போடுவது தாத்தா? வரப்போகும் வருடத்துக்கு இன்னும் எண் வரவில்லையே. ஆனால் 149 என்பது என்னை இன்று காலையிலிருந்து உறுத்துகிறது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ரெண்டன் புதியவன் | மார்ச் 19

வேர்ல்ட் சீரிஸுக்கே போகாத ஒரே அணியா? இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, தொப்பியும் வாங்கிவிட்டேன். பரவாயில்லை, நான் ஆர்சிபி ரசிகன். ஓசூரில் வளர்ந்தால் அப்படித்தான் ஆகும், திட்ட வேண்டாம்.

என் கணிப்பு: ஆர்சிபி, மரினர்ஸ், இரண்டில் ஒரு அணிக்காவது இந்த வருடம் சாபம் தீரும்.

எதிர்மறை ஏகாம்பரம் | மார்ச் 19

இரண்டு பழுதான வண்டியைக் கயிற்றால் கட்டினால் ஒன்று ஓடிவிடுமா தம்பி?

மழைக்கோட்டு | மார்ச் 26

ராலிக்கு ஆறு வருட ஒப்பந்தம், பத்தரைக் கோடி டாலர்! முதல் ஆட்டத்துக்கு முன்பே கையெழுத்து. ஏகாம்பரம், நேற்றைய சாம்பார் என்று சொன்னீர்களே?

எதிர்மறை ஏகாம்பரம் | மார்ச் 26

சம்பளம் ஏறிய கையோடு ஆட்டம் இறங்கியவர்களின் பட்டியல் வேண்டுமா? 28 அடிப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மாமிஷ் சாம்பார் | ஏப்ரல் 7

போச்சு. சான் பிரான்சிஸ்கோவில் ஃபவுல் பந்தைத் துரத்திப் பக்கவாட்டு வலைக்குள் விழுந்து ரோப்லெஸ் தோளை உடைத்துக்கொண்டார். பந்தைப் பிடித்தார் என்பது வேறு விஷயம். என் 60 போச்சு.

ஸ்கோர்ஷீட் | ஏப்ரல் 26

கில்பர்ட் முன்கைத் தசை. கெர்பி இன்னும் வரவில்லை. தாத்தா, உங்கள் மாமரத்தைப் பற்றி இனி பேசாதீர்கள்.

ரெண்டன் புதியவன் | ஜூன் 3

ஆர்சிபி!!! பதினெட்டு வருடம்!!! என் கணிப்பு பலித்துவிட்டது, இழையில் முதல் புள்ளி எனக்கே. ஏகாம்பரம் அண்ணா, வண்டி ஓடிவிட்டது. வெட்டுக்கிளி ஒரு கோப்பை.

மழைக்கோட்டு | ஜூன் 4

நடுவராகச் சொல்கிறேன். தம்பிக்கு அரைப் புள்ளி. இது பேஸ்பால் இழை.

எதிர்மறை ஏகாம்பரம் | ஜூன் 4

அரைப் புள்ளிக்கு அரை வெட்டுக்கிளி. தலைப் பக்கமா கால் பக்கமா என்று நடுவர் சொல்லட்டும். அப்புறம், ஜூன் வந்துவிட்டது, போலாங்கோவை இன்னும் விடவில்லை. ஏப்ரலில் அவர் அடித்த அடிக்கு நான் பொறுப்பல்ல.

ஸ்கோர்ஷீட் | ஜூலை 15

ஆல் ஸ்டார் இடைவேளைக்குள் ராலி 38. நான் முழு சீசனுக்குச் சொன்ன எண். நேற்று அட்லாண்டாவில் ஹோம் ரன் டெர்பியையும் வென்றுவிட்டார், கேட்சர் ஒருவர் வெல்வது இதுவே முதல் முறை. அப்பா பந்து வீச, தம்பி பின்னால் உட்கார்ந்து பிடிக்க, ஏதோ வீட்டு வாசலில் ஆடுவது போல அடித்தார். முதல் சுற்றில் சமநிலை வந்து, தூரத்தில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் பிழைத்தார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மழைக்கோட்டு | ஜூலை 31

ஜாஷ் நெய்லர் போன வாரமே வந்தார். இப்போது எவ்ஹேனியோ சுவாரெஸ்! இரண்டு பேட்டர்களும் அரிசோனா அணியிலிருந்து. 2023 முடிந்ததும் நாமே அங்கே அனுப்பிவைத்த அதே சுவாரெஸ்.

எதிர்மறை ஏகாம்பரம் | ஜூலை 31

காசு மிச்சம் பிடிக்க அடகு வைத்த நகையை வட்டியோடு மீட்டிருக்கிறார்கள். பாராட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

மழைக்கோட்டு | செப்டம்பர் 24

தொண்டை கட்டிவிட்டது, தட்டச்சு மட்டும்தான் முடிகிறது. ராலி 59, அதே ஆட்டத்தில் 60. பெரஸின் 48 ஆகஸ்டிலேயே போனது. இரண்டு பக்கமும் அடிப்பவர்களில் உச்சமான மேண்டிலின் 54 போனது, நம் அணியின் உச்சமான கிரிஃபியின் 56 போனது, இன்று 60. போன வாரம் ஹூஸ்டனில் மூன்றுக்கு மூன்று, இன்று ராக்கீஸை வீழ்த்திப் பிரிவும் நமதே. 24 வருடம்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் கிரிஃபியின் பழைய சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 60-வது பந்து போனதும் கத்தவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்கோர்ஷீட் | செப்டம்பர் 29

கணக்கு முடித்துவிடலாம். 90 வெற்றி. அணி மொத்தம் 238 ஹோம் ரன். வூ ஈஆர்ஏ 2.94, 15 வெற்றி, ஐவரில் முதல் ஆள், என் கணிப்பு பலித்தது. ஹூலியோ 32 ஹோம் ரன், 30 திருட்டு, ஆனால் ஏப்ரலில் வழக்கம்போலத் தூக்கம்தான், மழைக்கோட்டுக்கு அது தோல்வி. போலாங்கோ 26 ஹோம் ரன்.

தாத்தாவின் கணிப்பைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பிட்சிங் தள்ளாடிய மாதங்களில் அணியைத் தூக்கி நிறுத்தியது பேட்டிங்தான். மார்ச்சில் சிரித்தவர்கள் வரிசையில் நிற்கவும். நான் வெளியே சிரிக்கவில்லை, உள்ளே சிரித்தேன், அதற்கு விலக்கு உண்டா?

எதிர்மறை ஏகாம்பரம் | அக்டோபர் 11

வாக்குமூலம். ராலிக்கு ஒரு கோப்பை, தாத்தாவுக்கு ஒரு கோப்பை, தம்பிக்கு அரை. செப்டம்பர் முழுவதும் தப்பித்துத் திரிந்தேன். நேற்று டெட்ராய்ட்டுடன் பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தது. சாம்பார் கூட வந்தார். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஒரு கோப்பையை வாங்கி என் கையில் திணித்துவிட்டார்.

டெட்ராய்ட் பிட்சர் ஸ்கூபல் 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். நான் கோப்பையைத் திறக்கவில்லை. 2-2. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, பத்து, பதினொன்று. கில்பர்ட் வந்து வீசினார், காஸ்டியோ வந்து வீசினார், தொடக்க பிட்சர்களே மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தபோது இனி வீச நம்மிடம் யாரும் இல்லை என்று புரிந்தது. பதினாலாவது இன்னிங்ஸில் சாம்பார் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார். நான் சொன்னேன், இந்த ஆட்டத்தைப் போலாங்கோ முடித்துவைத்தால் இப்பவே சாப்பிடுகிறேன். சும்மா வாய் வார்த்தை.

பதினைந்தாவது இன்னிங்ஸ், பேஸ் மூன்றும் நிறைந்திருந்தன, போலாங்கோ வலது பக்கம் ஒரு சிங்கிள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர ஆட்டம் ஒரு நொடியில் முடிந்தது. ஜூனுக்குள் விடுவித்துவிடுவார்கள் என்று நான் எழுதிய அதே ஆள். சாம்பார் கட்டிப்பிடித்ததில் பாதி வெட்டுக்கிளி முன் வரிசைக்காரர் மேல் கொட்டிவிட்டது. மீதியைச் சாப்பிட்டேன்.

ரெண்டன் புதியவன் | அக்டோபர் 11

அரை பாக்கி தீர்ந்தது அண்ணா. கொட்டியதும் கணக்கில் சேரும்.

மழைக்கோட்டு | அக்டோபர் 21

எழுத மனமில்லை. ஆனாலும் திறந்தவன் நான்தானே.

வேர்ல்ட் சீரிஸுக்கு ஒரு படி கீழே, டொரோன்டோவுடன் ஏழு ஆட்டத் தொடர். அங்கே முதல் இரண்டையும் வென்று வந்தோம். இங்கே இரண்டைத் தோற்று, ஐந்தாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ராலி சமன் செய்ய, சுவாரெஸ் பேஸ் நிறைந்திருக்கும்போது அடித்தாரே ஒரு அடி, அன்று ராத்திரி நான் டொரோன்டோ விமானக் கட்டணம்கூடப் பார்த்துவிட்டேன். ஆறாவது போனது. நேற்று ஏழாவதில் ஹூலியோ ஒன்று, ராலி ஒன்று, 3-1. ஏழாவது இன்னிங்ஸின் பின்பாதி. இன்னும் எட்டே எட்டு அவுட். டொரோன்டோவின் ஸ்பிரிங்கர், மூன்று ரன் ஹோம் ரன். 4-3.

அப்போது வீசிய பசார்டோவுக்குப் பதில் இன்னொரு பிட்சர் முன்யோஸைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும்தான் சொன்னேன், டிவியைப் பார்த்து, சத்தமாக. வில்சனுக்குக் கேட்கவில்லை.

சம்மாமிஷ் சாம்பார் | அக்டோபர் 21

எட்டு அவுட்.

கிங்டோம் தாத்தா | அக்டோபர் 21

மூன்று ராத்திரியாக மகள் தூக்க மாத்திரை கொடுக்கிறாள். ஏகாம்பரம், இந்த முறை உண்மையாகவே மருந்து மாறிவிட்டது.

கணிப்பு எழுதும்போது நான் ஒன்றை எழுதாமல் விட்டேன். வேர்ல்ட் சீரிஸ் என்று எழுதக் கை போனது, அழித்துவிட்டேன். எழுதித் தொலைத்திருக்கலாம். வெட்டுக்கிளிதானே.

எதிர்மறை ஏகாம்பரம் | அக்டோபர் 22

ஐயா, உங்களுக்குத் தர வேண்டிய கோப்பை இன்னும் பாக்கி இருக்கிறது. மார்ச் கடைசியில் மைதானம் திறக்கும்போது உங்களைக் கூட்டிப்போய் உங்கள் கண் முன்னால் சாப்பிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அது நன்றாகவே இருந்தது. மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பிடித்து எங்கள் பாட்டி அரிசியோடு வறுப்பாள், அந்த ருசிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் உப்பு சரியாக இருந்தது.

2026-க்கு முதல் கணிப்பு என்னுடையது: ராலி 35 தாண்ட மாட்டார்.